துறை யாருக்கு?

இருகூரில் ஒரு துறைமுகம் இருக்கிறது என்று சொன்னால் கோவைக்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டி கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் முனையத்தைச் சரக்குத் தொழிலில் இருப்பவர்கள் 'உலர் துறைமுகம்' என்றுதான் சொல்கிறார்கள். சுங்கச் சோதனை இங்கேயே முடிந்துவிடும். பெட்டி நேராகக் கப்பலுக்குப் போகும். கொங்குப் பகுதியின் பனியனும் நூலும் பம்ப்செட்டும் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் இப்படித்தான் கடல் தேடிப் போகின்றன. அதே இருகூர் வழியாக நொய்யல் ஓடுகிறது. கோவையின் சாக்கடையைச் சுமந்துகொண்டு, நுரையோடு. தண்ணீர் இல்லாத துறைமுகமும், கால் வைக்க முடியாத ஆறும் ஒரே ஊரில்.

தொழில் வளர்ச்சிக்கும் நீர்க்கரைக்கும் இடையே சமநிலை வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். துறைமுகம் வரட்டும், ஆனால் மக்கள் கடற்கரைக்குப் போக ஒரு வழி விடுங்கள். சாயப்பட்டறை இருக்கட்டும், ஆனால் ஆற்றைக் கெடுக்காதீர்கள். குளத்தைச் சுற்றிச் சாலை போடுங்கள், கூடவே நடைபாதையும் பூங்காவும் கொடுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்குச் சிக்கல் தராசின் மீதுதான். ஒரு தட்டில் தொழில், இன்னொரு தட்டில் 'பொதுமக்கள்' என்று வைக்கிறோம். அந்தப் 'பொதுமக்கள்' என்ற மூட்டையை அவிழ்த்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு நிறுத்தால் முள் எங்கே நிற்கும்?

முதலில் என் ஊர்க் குளங்கள்.

நொய்யலில் இருந்து வாய்க்கால் வழியாக நிரம்பும் குளங்கள்தான் கோவையின் நீர்க்கரை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, குறிச்சி, சிங்காநல்லூர். 2016 ஜனவரியில் ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு முதல் சுற்றில் தேர்வான 20 நகரங்களில் கோவையும் ஒன்று. அந்தப் பணத்தில் பெரும்பகுதி குளக்கரைகளுக்குப் போனது. இன்று கரையெங்கும் நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்குகள். வாலாங்குளத்தில் படகு சவாரி. குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளால் ஆன வள்ளுவர் சிலை. மாலையில் போனால் கூட்டம் அலைமோதுகிறது. கைக்குழந்தையோடு வரும் இளம் தம்பதிகள், பர்தா அணிந்த கல்லூரிப் பெண்கள், ரீல்ஸ் எடுக்கும் பையன்கள். இந்த நகரத்தில் காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் கிடைப்பது அரிது. எனக்கே அந்தக் கரைகள் பிடிக்கும். ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் பாதி அங்கே உட்கார்ந்துதான் திருத்தினேன். ஆகவே நடைபாதையை இடித்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை.

அந்தக் கரைகளில் முன்பு இருந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. முத்தண்ணன் குளக்கரையிலும் வாலாங்குளக் கரையிலும் பெரியகுளக் கரையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. தூய்மைப் பணியாளர்கள், சுமைதூக்குபவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், பழைய இரும்பும் காகிதமும் பொறுக்குபவர்கள். அருந்ததியர்களும் பிற தலித் மக்களும் ஏழை முஸ்லிம்களும் கணிசம். நகரம் அவர்களுக்கு வேறு எங்கும் இடம் தராததால் குளக்கரைக்கு வந்தவர்கள். அன்றைக்குக் குளக்கரை என்றால் சாக்கடை கலக்கும் இடம், கொசு உற்பத்தியாகும் இடம், யாருக்கும் வேண்டாத இடம். வேண்டாத இடத்தில் வேண்டாத மக்கள் இருந்துகொள்ளட்டும் என்று ஊர் விட்டு வைத்திருந்தது. அந்த இடத்துக்கு அழகும் விலையும் வந்த நாளில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லின் பின்னால் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் ஏரி, குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். நல்ல நோக்கமுள்ள சட்டம்தான். ஆனால் உக்கடத்தில் இருந்து சுங்கம் போகும் பைபாஸ் சாலையில் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பாருங்கள். அந்தச் சாலையே வாலாங்குளத்தை அறுத்துக்கொண்டு போகிறது. ரயில் பாதையும் அப்படித்தான். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் கட்டப்பட்டது. அரசு குளத்துக்குள் இறங்கினால் அது வளர்ச்சி. ஒரு தூய்மைப் பணியாளர் கரையில் ஓலைத் தட்டி கட்டினால் ஆக்கிரமிப்பு. நீர்நிலையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் எடுத்தவுடனே இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியிருக்க வேண்டும்.

அகற்றப்பட்டவர்களுக்கு வீடு கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொடுத்தார்கள். மலுமிச்சம்பட்டி, கீரணத்தம், வெள்ளலூர். அடுக்குமாடிக் குடியிருப்புகள். நகரத்தின் குப்பைக் கிடங்கு இருப்பதும் வெள்ளலூரில்தான். நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்களையும் அங்கேயே கொண்டுபோய் வைத்ததை யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் திட்டமிட வேண்டிய அவசியமே இல்லாமல் அது நடந்துவிடுகிறது என்பதுதான் சாதியின் வேலை.

என் பெரியம்மா ஒரு குளக்கரையில் இருபத்தாறு வருடம் குடியிருந்தவர். எந்தக் குளம் என்று இங்கே எழுதப் போவதில்லை. நகரத்தில் தெருக் கூட்டும் வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். கரையில் இருந்தபோது நடந்து போவார். இப்போது இருக்கும் இடத்தில் இருந்து அந்த நேரத்துக்கு முதல் பஸ்ஸே கிடையாது. ஷேர் ஆட்டோவில் நான்கு பேராகச் சேர்ந்து போகிறார்கள். மாதக் கூலியில் அது ஒரு பங்கைத் தின்கிறது. போன வருடம் அவரை அந்தக் கரைக்கு அழைத்துப் போனேன். ஆர்வமாகத்தான் வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் எப்போதும் கொண்டுவரும் பிளாஸ்டிக் பை. உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் நடந்ததும் காவலுக்கு நின்ற ஒருவர் எங்களை நிறுத்தி, "என்னம்மா, இங்க பொறுக்கறதுக்கெல்லாம் உள்ள வரக்கூடாது" என்றார். நான் சண்டைக்குப் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "உடு சாமி. அந்தப் பையன் என்ன பண்ணுவான், அவனுக்குச் சொல்லி உட்டுருப்பாங்க." அந்தக் காவலரும் எங்கள் ஆட்களில் ஒருவராக இருக்கக்கூடும் என்று பிறகு தோன்றியது. ஒப்பந்தச் சம்பளத்துக்குச் சீருடை போட்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும்.

அந்தக் கரை சட்டப்படி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பலகை அப்படித்தான் சொல்கிறது.

பலகை சொல்வதற்கும் கால் வைப்பதற்கும் உள்ள தூரம் நமக்குப் புதிதல்ல. 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றை எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பயன்படுத்தத் தடை இல்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அவர் கோவையில் படித்தவர் என்பதை நம் ஊரில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? சுமார் 400 மாணவர்கள் படித்த இடத்தில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள் என்று தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். தான் யார், எங்கிருந்து வருகிறோம் என்று பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு கலக்காமல் ஒதுங்கியே இருந்ததையும் சொல்கிறார். அப்படி ஒதுங்கி நின்ற பையன்தான் பிற்காலத்தில் 'பொது' என்ற சொல்லுக்குள் குளத்தையும் கிணற்றையும் எழுத வைத்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து மகாத். அங்கேயும் பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தன் பங்குக்கு அறிவித்துவிட்டது. யாரும் குடிக்கத்தான் முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய்த் தண்ணீரைத் தொட்ட பிறகு என்ன நடந்தது? அடி விழுந்தது. அடுத்து, நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அதற்கும் அடுத்து, சாதி இந்துக்கள் நீதிமன்றம் போய், அது பொதுக் குளமே இல்லை, தனியாருடையது என்று வாதாடினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் வழக்கு நம் பக்கம் முடிந்தது. ஒரு தலித் தொட்டதும் பொதுச் சொத்து தனிச் சொத்தாக மாறப் பார்த்த கதை அது. இன்றைக்கு உல்லாச விடுதிக்கும் துறைமுகத்துக்கும் எதிராகப் பேசும்போது பொது நம்பிக்கைக் கோட்பாட்டை மேற்கோள் காட்டுகிறோம். ஆறும் கடற்கரையும் மக்களுக்கானவை, அரசு அவற்றின் காவலர் மட்டுமே என்று 1996இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அருமையான கோட்பாடு. அதற்கு முந்தைய வரலாறு மகாத்தில் இருக்கிறது என்பதைச் சட்ட வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இனி தொழில் இருக்கும் தட்டுக்கு வருவோம். கொங்குப் பகுதியில் தொழிலுக்கும் தண்ணீருக்கும் நடந்த மிகப் பெரிய வழக்கு நொய்யல் வழக்கு. சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாக ஆகிவிட்டது. அணையைத் திறக்காதே என்று விவசாயிகள் போராடிய ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை. விவசாயிகள் சங்கம் வழக்காடியது. பாதிப்பைக் கணக்கிட்ட சூழல் இழப்பு ஆணையம் 2004இல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்த்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேற்றத்தை அறவே நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

இந்தக் கணக்கை ஒரு ஆய்வு மாணவராக நான் பல முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுவேன். கணக்கின் அலகு நிலம். எவ்வளவு நிலம், எவ்வளவு கெட்டது, அதற்கு எவ்வளவு பணம். நிலம் இருந்தவர் பாதிக்கப்பட்டவர். சரி. அந்த நிலத்தில் களை பறித்தவர்? மஞ்சள் வெட்டியவர்? கொங்கு நாட்டுக் கிராமங்களில் நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி வேலை யாருக்கு என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பயிர் போனதும் முதலில் போனது கூலி. ஆழ்துளைக் கிணறு போட வழியில்லாத காலனிக்காரர்கள்தான் உப்பேறிய பொதுக்கிணற்றையே நம்பி இருந்தார்கள். ஆற்றில் துணி வெளுத்துப் பிழைத்த வண்ணார் குடும்பங்களுக்குத் துறையே போனது. இவர்கள் யாரும் ஏக்கரில் அடங்கமாட்டார்கள். ஆகவே இழப்பீட்டிலும் அடங்கவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே காலனியில் இருந்துதான் பையன்கள் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனார்கள். பண்ணையத்தை விட்டு வெளியே வர அது ஒரு வழி. "ஏனுங்க சாமி" என்று வாசலில் நிற்காமல் வாரக் கூலி கையில் வாங்கும் வேலை. தோல் அரித்தாலும் நுரையீரல் கெட்டாலும் திருப்பூர் பஸ் ஏறினார்கள் என்றால் கிராமம் எப்படி இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2011இல் பட்டறைகள் மூடியபோது ஒரே நாளில் அந்த வேலையும் போனது. முதலாளிகளுக்குக் கடன் வந்தது, நிலக்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. ஆறும் போய் வேலையும் போன ஆளுக்கு எந்தத் தட்டிலும் இடம் இல்லை. தொழிலா சூழலா என்ற விவாதத்தில் எங்கள் ஆட்களை இரண்டு பக்கமும் உதாரணமாக இழுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் கணக்கில் எழுதுவதில்லை.

நொய்யலைக் காப்போம் என்று நடக்கும் ஊர்வலங்களுக்கு நானும் போயிருக்கிறேன். மேடையில் ஒருவர், "அந்தக் காலத்தில் இந்த ஆற்றில் எல்லோரும் குளித்தோம், குடித்தோம்" என்று உருகுவார். அந்த 'எல்லோரும்' எனக்கு உறுத்தும். என் அம்மா ஊரில் ஆற்றில் மூன்று துறை இருந்தது. மேலே ஊர்க்காரர் துறை. கொஞ்சம் கீழே வண்ணாந்துறை. அதற்கும் கீழே, மற்றவர்கள் குளித்த அழுக்கு கலந்து வரும் இடத்தில் எங்கள் துறை. சாயம் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்கு வந்தது இன்னொருவர் கழித்த தண்ணீர்தான். சாயம் ஒரு வகையில் அந்த நிலைமையை ஊர் முழுவதற்கும் விரித்துவிட்டது. அப்போதுதான் அது சூழல் பிரச்சினை ஆனது.

துறைமுகம் என்ற சொல்லிலும் அந்தத் துறை இருக்கிறது. அதைத் தேடித்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தோழரோடு பழவேற்காட்டுக்குப் போனேன். கொங்குக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்றால், தண்ணீர் உள்ள துறைமுகத்துக்கும் தண்ணீரை நம்பி வாழும் ஒரு சிறிய ஊருக்கும் இடையே இன்று தமிழ்நாட்டில் நடக்கும் மிகப் பெரிய இழுபறி அங்கேதான். தெற்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டி காட்டுப்பள்ளி. எல் அண்ட் டி கட்டி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன துறைமுகம். சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம். அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து உருவாக்கும் நிலம். 2021 ஜனவரியில் நடக்க வேண்டிய மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மீண்டும் அறிவித்து மீண்டும் தள்ளிப்போனது. மீனவர்கள் திட்டத்தை எதிர்த்துப் போராடி வந்தார்கள். முதலில் துறைமுகம் வந்தபோதே காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். வேலை என்றார்கள், கிடைத்த வேலையை நிரந்தரம் ஆக்கச் சொல்லி மறுபடி போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அதில் எனக்கு இரண்டு மனது இல்லை.

ஆனால் ஏரிக்கரையில் நின்றபோது கேட்ட ஒன்றை எழுதாமல் விட முடியாது. பழவேற்காடு ஏரியில் 'படு' என்று ஒரு முறை உண்டு. ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்து, குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பேராசையும் சண்டையும் இல்லாமல் பொதுவளத்தைப் பகிர மக்களே கண்ட வழி என்று ஆய்வாளர்கள் புகழ்ந்து எழுதிய முறை அது. நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். அந்தக் குலுக்கலில் யார் பெயர் இருக்கும்? மரபாகக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் போன்ற குப்பங்களின் பட்டினவர் சாதி ஆண்கள். ஏரியை நம்பியே வாழும் தலித்துகளுக்குப் படு இல்லை. இருளர்களுக்கும் இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். தண்ணீர் ஆழமாகாமலும் சூடாகாமலும் சாம்பல் கலக்காமலும் இருந்தால் போதும். துறைமுகத்துக்காகத் தோண்டினாலும் மின்நிலையச் சாம்பல் வந்தாலும் முதலில் அழிவது இவர்கள் கால் ஊன்றும் அந்த ஆழமில்லாத சேறுதான். நிவாரணப் பட்டியல் வரும்போது படகு இருக்கிறதா, வலை இருக்கிறதா, சங்க உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள். நொய்யலில் ஏக்கர் எந்த வேலையைச் செய்ததோ அதை இங்கே படகு செய்கிறது.

இதைச் சொன்னால் போராட்டத்தைப் பிளவுபடுத்துகிறேன் என்று கோபப்படுவார்கள். கம்பெனிக்காரன் கையில் ஆயுதம் கொடுக்கிறாய் என்பார்கள். கம்பெனிக்கு இது ஏற்கெனவே தெரியும். எந்தச் சாதியிடம் முதலில் பேச வேண்டும், யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தால் யார் அமைதியாவார்கள் என்று களத்தில் இறங்கும் எந்த நிறுவனமும் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும். தெரியாதது போல் நடிப்பது நாம்தான். துறைமுகத்தை எதிர்த்து நிற்கும் குப்பம், தன் குலுக்கலில் இருளர் பெயரையும் எழுதினால் அந்த எதிர்ப்புக்கு எவ்வளவு பலம் கூடும் என்று எண்ணிப் பாருங்கள். நொய்யலுக்காகப் போராடும் சங்கம் தன் அடுத்த மனுவில் நிலமற்ற கூலிகளின் பட்டியலையும் இணைக்கட்டும். அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. ஒரு மாலைக் கூட்டம் போதும்.

தோழர்கள் சிலர் எதிர்ப்பக்கம் இருந்தும் கேட்பார்கள். ஆறு, குளம், ஏரி என்று உருகுவது கிராமத்தைப் புனிதமாக்கும் வேலை, நமக்கு வேண்டியது நகரமும் தொழிலும்தான் என்று. அதில் பாதி உண்மை. அம்பேத்கர் தொழில்மயத்தை வேண்டாம் என்றவர் இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர். நீர்வழி, பாசனம், கப்பல் போக்குவரத்து மூன்றுக்கும் சேர்த்து மத்திய ஆணையம் ஒன்று 1945இல் உருவானது அவர் காலத்தில்தான். ஆறு என்பது கோயில் இல்லை, பயன்படுத்த வேண்டிய வளம் என்பது அவர் பார்வை. எனக்கும் அதுவே. துறைமுகம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பனியன் போட்டுக்கொண்டு இதை எழுதும் எனக்கு இல்லை. அவர் கேட்டது, அந்த வளம் யார் கைக்குப் போகிறது என்று. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு 'வளர்ச்சி' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது அம்பேத்கரியம் ஆகாது.

அடுக்குமாடி வீடு குடிசையைவிட நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளக்கரையில் இருந்த பல பெண்கள் அந்த வீட்டை விரும்பித்தான் வாங்கினார்கள். மழைக்காலத்தில் பாம்பும் சாக்கடையும் வீட்டுக்குள் வருவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களிடம் போய்க் குடிசையின் அழகைப் பேச நான் தயாரில்லை. அவர்கள் கேட்டது கதவு உள்ள கழிப்பறையை. கொடுத்தது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தோடு சேர்த்து. உக்கடத்தில் மேம்பாலத்துக்கு இடம் கிடைக்கிறது, பேருந்து நிலையத்துக்குக் கிடைக்கிறது, வாகன நிறுத்தத்துக்குக் கிடைக்கிறது. அங்கேயே பெருக்கி அள்ளுகிறவருக்கு மூன்று கிலோமீட்டருக்குள் நான்கு மாடி கட்ட மட்டும் இடம் கிடைப்பதில்லை.

ஆகவே நீர்க்கரைத் திட்டம் எதுவானாலும், துறைமுகமோ பூங்காவோ, திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எனக்கு ஒரு கணக்கு வேண்டும். அங்கே இப்போது யார் வாழ்கிறார்கள், யார் வேலை செய்கிறார்கள், சாதிவாரியாக. நிலம், படகு, அட்டை எதுவும் இல்லாதவர்கள் எத்தனை பேர். அவர்கள் வேலைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் மண்டபம் இருளர் குடியிருப்பில் இருந்து எத்தனை மணி நேரத் தொலைவு. இவை எதுவும் தெரியாமல் தயாராகும் அறிக்கைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர் வைத்து ஆயிரம் பக்கம் அச்சடிக்கிறார்கள். மீனுக்கும் பறவைக்கும் தனித்தனி இயல் இருக்கும். சாதி என்று தேடினால் மக்கள்தொகை அட்டவணையில் எஸ்.சி., எஸ்.டி. சதவீதம் ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரியோடு முடிந்தது.

அன்றைக்கு அந்தக் காவலர் போன பிறகு பெரியம்மாவும் நானும் கொஞ்ச நேரம் நடந்தோம். ஓரிடத்தில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பி ஒரு புங்க மரத்தையும் தூரத்தில் தெரியும் கோபுரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டார். பிறகு இரண்டு அடி நகர்ந்து நின்றார். "இங்கதான் கண்ணு என்ற அடுப்பு இருந்துது." அந்த இடத்தில் இப்போது ஒரு கிரானைட் இருக்கை. உட்காருங்க பெரியம்மா என்றேன். முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பையில் இருந்து பொரி எடுத்து எனக்கும் கொடுத்தார். தண்ணீரில் நீர்க்காகங்கள் முங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், விளக்கு எரியத் தொடங்கியதும் எழுந்துவிட்டார். ஏழேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பது மணிக்கு.